கழுத்தோ, மற்றதோ

எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஒருத்திக்குத் தலை சுற்றினால் யாரும் அவளுடைய கழுத்தைப் பார்ப்பதில்லை. வயிற்றைத்தான் பார்ப்பார்கள். வயதானவருக்குச் சுற்றினால் பிரஷர். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சுற்றினால் காலையில் சாப்பிடவில்லை. கல்யாணமானவளுக்கென்றால் நல்ல செய்தி. இவற்றுக்கு வெளியே இன்னொன்றும் இருக்கிறது, கழுத்தாலும் தலை சுற்றும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய ஆசைப்பட்டவள் நான். அதை நான் நிரூபித்துக் காட்டிய முதல் ஆள் என் அக்காவாகப் போய்விட்டாள்.

கிளிநொச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிறேன். படித்து முடித்து வந்த புதிதில் எனக்குக் கை சும்மா இருக்காது. மருந்தில்லாத மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி இறுக்கத்தைத் தளர்த்துகிற முறை ஒன்றைக் கொழும்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் லீவு போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முன் சீட்டுகளில் ஆடி ஆடித் தூங்குகிறவர்களின் கழுத்துகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். புளியங்குளம் தாண்டும்போது ஒருவருக்குக் கழுத்தின் வலப்பக்கத்தில் கயிறு மாதிரி ஒரு தசை துருத்திக்கொண்டு நின்றது. தட்டி எழுப்பி, ஐயா உங்களுக்குத் தலை சுத்துறதோ என்று கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு பைத்தியம்.

வருகிறவர்கள் என்னை லேசில் விடவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஒருவர், தோள்வலியோடு வந்தவர், ஊசியைக் கண்டதும் கேட்டார்.

"இதுக்குள்ள என்ன மருந்து, மிஸ்?"

"மருந்து இல்லை ஐயா. வெறும் ஊசி."

"மருந்தில்லாத ஊசியை ஏன் பிள்ளை குத்துறியள்? என்னில ஏதும் கோவமோ?"

அவருக்குச் சொன்ன விளக்கத்தை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். நம் தலை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மூளைக்குக் கண்ணும் காதும் மட்டும் சொல்வதில்லை. கழுத்துத் தசைகளும் சொல்கின்றன. ஒரே பக்கம் திரும்பித் திரும்பி வேலை செய்கிறவர்களுக்கு அந்தத் தசையில் ஓரிடம் பயறு மாதிரித் திரண்டு இறுகிவிடும். இறுகிய தசை பிழையான செய்தி அனுப்பும். கண் ஒன்று சொல்ல, கழுத்து வேறொன்று சொல்ல, மூளை தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் தலைச்சுற்று. ஊசி சரியான இடத்தில் பட்டால் தசை உள்ளங்கையில் பிடித்த இறால் போல ஒருமுறை துள்ளும். துள்ளிவிட்டு இளகும். அந்த நேரம் நோயாளி, "இதுதான், நான் சொன்ன சுத்து இதுதான்" என்று சொல்லி, பிறகு அந்தச் சுற்று அடங்கியும் விட்டால், குற்றவாளி கழுத்துத்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நோயைக் கண்டுபிடிப்பதும் அதே ஊசி, தீர்ப்பதும் அதே ஊசி. எனக்கு அதில்தான் மோகம்.

ஊசிக்கு முன்னால் இன்னொரு சோதனை இருக்கிறது. சுழல்கிற கதிரையில் ஆளை இருத்தி, தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, உடம்பை மட்டும் திருப்பச் சொல்ல வேண்டும். தலை அசையாததால் காதுக்கு வேலையில்லை. கழுத்து மட்டும்தான் முறுகுகிறது. அப்போது சுற்றினால் சந்தேகம் கழுத்தின் மேல். எங்கள் அறையில் அப்படிக் கதிரை கிடையாது. மேல்மாடி அலுவலகத்தில் ஒரு பக்கக் கை உடைந்து ஒதுக்கிப் போட்டிருந்ததைக் கெஞ்சி வாங்கி வந்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. மண்ணும் வயலும்தான் தெரியும். அக்கா விரும்பியது முல்லைத்தீவுக் கரையில் நண்டு வலை போடுகிற ஒருவரை. அதற்காக ஞானஸ்நானம் பெற்று, மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டாள். அத்தான் தங்கமானவர். மாமி, அதாவது அத்தானின் தாய், கையும் வாயும் ஓயாதவர். விடிய வள்ளம் வந்ததும் துறையில் குந்தியிருந்து வலையிலிருந்து நண்டு கழற்றுவது மாமியும் அக்காவும்தான். நண்டுக் கால் உடையாமல் கழற்ற வேண்டும். உடைந்தால் விலை போகாது. குனிந்த தலை நிமிராத வேலை.

பிள்ளை கிடைக்கவில்லை. வருடங்கள் போயின. வவுனியா, யாழ்ப்பாணம் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்கள். அக்காவுக்கு மாதவிலக்கு ஒருபோதும் ஒழுங்காக வருவதில்லை. தள்ளிப் போகும் ஒவ்வொரு முறையும் பார்மசியில் கர்ப்பம் பார்க்கிற ஸ்ட்ரிப்பை வாங்கிப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கோடு. கடைசியில், "இனி நான் உதைக் கையால தொடமாட்டன், வந்தால் தானா வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். துறையில் நாலு பேர் கேட்க மாமி ஒருநாள் சொன்னாராம், "மண்ணில வளந்த பிள்ளைக்கு உப்புத்தண்ணி பிடிக்கேல்லைப் போல." அக்கா அதை எனக்குச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்படியிருக்கத்தான் தலைச்சுற்று வந்தது. மாதவிலக்கும் தள்ளிப் போயிருந்தது. நண்டு கழற்றிவிட்டு எழும்பும்போது நிலம் சரிவது போல இருக்கிறதாம், வயிற்றைப் பிரட்டுகிறதாம். அக்கா வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை மாமி கண்டுவிட்டார். அவ்வளவுதான். தண்ணீர்க் குடம் அக்காவின் கையிலிருந்து போனது. சாப்பாட்டுக் கோப்பையில் மீனை முள்ளெடுத்து வைக்கத் தொடங்கினார். மோட்டார் சைக்கிளில் ஏறக் கூடாது என்று மகனுக்குக் கட்டளை போட்டார். தர்மபுரத்துக்கும் செய்தி போனது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. அம்மா அலுமாரியின் அடியிலிருந்து பழைய வாயில் பருத்திச் சேலைகளை எடுத்துத் தோய்த்து, பிள்ளைத் துணிக்கென்று மடித்து வைத்தார்.

அடுத்ததாக அக்கா துறையில் விழுந்தாள். மாமி காணாத நேரத்தில் நண்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியவள் வள்ளத்தின் விளிம்பில் மோதி முழங்காலளவு தண்ணீரில் போய் விழுந்தாள். அத்தான் பயந்துவிட்டார். அடுத்த நாளே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து என் அறை வாசலில் நிறுத்தினார்.

"மச்சாள், இவளை ஒருக்காப் பாருங்கோ. பிரஷரோ என்னவோ தெரியாது."

அக்கா அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பிரஷர் இல்லை என்று எனக்கும் உனக்கும் தெரியும்தானே என்கிற சிரிப்பு. அவள் என்னிடம் வந்தது வைத்தியத்துக்கு இல்லை என்று எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. படித்த தங்கச்சியின் வாயால் அந்தச் சொல்லைக் கேட்க வந்திருந்தாள்.

முதலில் டொக்டரிடம் அனுப்பினேன். பிரஷர், சீனி, இரத்தம் எல்லாம் சரி. காதுக்குரிய சோதனையும் சரி. மாதவிலக்குப் பற்றி அவர் கேட்டதற்கு அக்கா ஒழுங்காக வருகிறது என்று பொய் சொல்லியிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் உடனே சிறுநீர் பார்க்க அனுப்புவார்கள். அந்த ஸ்ட்ரிப்பை மறுபடி பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அவர் எழுதி அனுப்பிய துண்டில் கழுத்தைப் பார்க்கவும் என்றிருந்தது. எனக்கு உள்ளுக்குள் விசில் அடித்தது. கொழும்பிலிருந்து வந்து முதன்முதலாகத் தலைச்சுற்றோடு ஓர் ஆள், அதுவும் எல்லாம் பார்த்துக் கழித்தபின்.

உடைந்த கைக் கதிரையில் அக்காவை இருத்தினேன். அவளுடைய தலையை என் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துப் பிடித்தேன். தேங்காயெண்ணெயும் கடற்காற்றும் கலந்த மணம்.

"இப்ப காலால தள்ளி உடம்பை மட்டும் இடப்பக்கம் திருப்பு. தலையை என்னட்ட விட்டிடு."

"உனக்கென்ன, தலையைத் தனியாக் கழட்டப் போறியோ?"

"நண்டு கழட்டுற மாதிரித்தான். கால் உடையாமல் கழட்டுறன். திருப்பு."

சிரித்துக்கொண்டே திருப்பினாள். சிரிப்பு நின்றது. கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"சுத்துதடி."

"அங்க சுத்துற அதே சுத்தோ?"

"அதேதான். நிலம் சரியுது."

"வேலை செய்யேக்க எந்தப் பக்கம் திரும்பி இருப்பாய்?"

"வலப்பக்கம்தான். மாமி இடப்பக்கம் இருப்பா. வலை எனக்கு வலத்தால வரும்."

வலப்பக்கக் கழுத்தில் விரலை ஓட்டினேன். காதுக்குக் கீழிருந்து நெஞ்செலும்புக்கு இறங்குகிற தசையில், விரலுக்கடியில், திரண்டு நின்றது. பிடித்து நசித்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "சுத்துது" என்றாள் மறுபடி.

"அக்கா, இது கழுத்து." நான் கிட்டத்தட்டக் கத்தினேன். "நூற்றுக்கு நூறு கழுத்து. என்னால நிப்பாட்டேலும்."

நான் கையைக் கழுவி, ஊசிப் பெட்டியைத் திறந்து, வழக்கமான கேள்விகளை அவசர அவசரமாகக் கேட்டேன். இரத்தம் இளகுகிற மாத்திரை எடுக்கிறாயா? இல்லை. கழுத்துப் பக்கம் எங்கேயாவது போர்க்காலத்துச் செல் துண்டு இருக்கிறதா? அது எங்கள் பகுதியில் நாங்களாகச் சேர்த்துக்கொண்ட கேள்வி. இல்லை. முழுகாமல் இருக்கிறாயா?

வாயிலிருந்து அது போன பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கேள்வியை நான் எல்லாப் பெண்களிடமும் கேட்கிற அதே தொனியில் கேட்டிருந்தேன். அக்கா கதிரையை மெல்ல இங்கும் அங்கும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அதைத்தானே நான் உன்னட்டக் கேக்க வந்தனான்" என்றாள்.

அப்போதுதான் தள்ளிப் போனதையும் டொக்டரிடம் பொய் சொன்னதையும் சொன்னாள். மீன் முள், தண்ணீர்க் குடம், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் சொன்னாள். நான் விளங்கப்படுத்தினேன். கழுத்து என்றால் மற்றது இல்லை என்று அர்த்தமில்லை, இரண்டும் ஒன்றாக இருக்கலாம், ஸ்ட்ரிப் பார்க்காமல் நான் ஊசி ஏற்றமாட்டேன்.

"உன்ர கதிரையே சொல்லிப்போட்டுது" என்றாள் அக்கா. "எனக்கு இருந்தது அந்தச் சுத்து ஒண்டுதான். தள்ளிப் போறதெல்லாம் எப்பவும் போறதுதானே."

மத்தியானம் ஸ்ட்ரிப் வாங்கப் போனேன். என்னைத் தெரியாத இடமாகப் பார்த்து வெயிலில் தூரம் நடந்தேன். கடைக்காரர் பொருளை எடுத்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மிஸ் ஆஸ்பத்திரியில தசை பிடிக்கிற பிள்ளையெல்லோ? கலியாணம் எப்ப நடந்தது, எங்களுக்கெல்லாம் சொல்லேல்லை."

"உங்களுக்குச் சொல்லாமல் நடக்குமோ அண்ணை? மிச்சத்தைத் தாங்கோ."

வேறொரு நாளென்றால் இதை அக்காவிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்திருப்போம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நான் வாடகைக்கிருந்த அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தான் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே நின்றார். சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தோம். அக்கா குளியலறையிலிருந்து வெளியே வந்து அதை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"நீ பார்."

ஜன்னலருகே எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு கோடு. இன்னொன்று வருமா என்று, வராது என்று தெரிந்துகொண்டே, சரித்துச் சரித்துப் பார்த்தேன். அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

"முதுகைப் பார்த்தாலே தெரியுதடி" என்றாள் அக்கா. "வை அதை."

சோறு எடுத்துப் போட்டேன். இரண்டு பேரும் பிசைந்துகொண்டிருந்தோம். பிறகு அவள் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள்.

"நீ ஊசி குத்தாதை. சுத்து இருக்கட்டும்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

"நிண்டிட்டால் நான் வீட்ட போய் என்ன சொல்லுறது? மாமி எனக்கு முள்ளெடுத்துத் தாறா. தன்ர மகனுக்குக்கூட அப்பிடி எடுத்துக் குடுத்ததை நான் காணேல்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே. பிறகு தானாத் தெரியத்தானே போகுது."

நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன். "உனக்கு நீந்தத் தெரியாது" என்றேன். "அண்டைக்கு முழங்கால் தண்ணி. நாளைக்கு எவ்வளவோ?"

அவள் கையைக் கழுவிவிட்டு வெகுநேரம் ஜன்னலால் அத்தானைப் பார்த்தாள். அவர் மரத்தடியில் யாருடனோ நண்டு விலை பேசிக்கொண்டிருந்தார். "அந்த மனுசன் பயந்து போச்சு" என்றாள். "சரி, வா."

என் ஆஸ்பத்திரி அறைக் கட்டிலில் மல்லாக்கப் படுத்தாள். முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, அந்தத் தசையை மட்டும் இரண்டு விரலால் நுள்ளித் தூக்கிப் பிடித்தேன். கீழே ஓடுகிற இரத்தக் குழாயில் பட்டுவிடக் கூடாது. ஊசி உள்ளே போனது. தேடினேன். தசை துள்ளியது.

"இதுதான்" என்றாள். "இந்தச் சுத்துத்தான்."

பயிற்சியில் சொன்னது அப்படியே என் விரலுக்கடியில் நடந்தது. இதற்காகத்தான் நான் கொழும்புக்கு ஓடினேன். அவளுடைய கண்ணீர் கடைக்கண்ணால் இறங்கி, காதுமடலுக்குள் போய்த் தேங்கியது. நான் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சால் கழுத்தை அமத்திப் பிடித்து, அதே பஞ்சின் மற்றப் பக்கத்தால் காதைத் துடைத்தேன்.

மீண்டும் கதிரையில் இருத்தித் தலையைப் பிடித்தேன். அவள் உடம்பைத் திருப்பினாள். ஒரு பக்கம். மற்றப் பக்கம்.

"சுத்தேல்லை" என்றாள். ஒரு சாமான் தொலைந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

பிறகும் சில வாரம் வந்துபோனாள். பிறகு வர வேண்டிய தேவை இருக்கவில்லை. மாமிக்கு அவளேதான் சொன்னாள். ஊசி போட்ட அன்று சாயங்காலம் குசினியில் மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தாராம். "மாமி, அது கழுத்தாம்" என்றதும் கத்தி நின்று, மறுபடி ஓடியதாம். "கழுத்தெண்டால் கழுத்துத்தானே. கோப்பையை எடு" என்றாராம். அன்றைக்கும் முள்ளெடுத்துத்தான் வைத்திருந்தார். அடுத்த நாளிலிருந்து வைக்கவில்லை. ஆனால் துறைக்குப் போனபோது மாமி அக்காவின் இடத்தில் போய்க் குந்தியிருந்தார். இனிமேல் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்லி அனுப்பியதை அத்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார். மாமி ஒரு கதையும் இல்லாமல் இடத்தை மாற்றிக்கொண்டார். இப்போது வலப்பக்கம் திரும்பிக் கழற்றுவது அவர். அடுத்த முறை தர்மபுரம் போனபோது வாயில் சேலைகள் அலுமாரியின் அடிக்குத் திரும்பிப் போயிருந்ததைக் கண்டேன்.

கடைசியாக வந்த அன்று அக்கா கேட்டாள், "வீட்டில உந்தக் கதிரை இல்லையே. திரும்பச் சுத்தினால் நான் எப்பிடிப் பார்க்கிறது?"

"சுத்தினால் இஞ்ச வா."

"வரத்தான் போறன். அதுக்கு முதல் எனக்குத் தெரியோணும். கழுத்தோ மற்றதோ எண்டு."

கழுத்தில்லை என்பதால் மற்றது ஆகிவிடாது, கழுத்து என்பதால் மற்றது இல்லாமலும் போகாது என்று முன்பு சொன்னதையே சொன்னேன். தெரியும், சொல்லித் தா என்றாள். அத்தானை உள்ளே கூப்பிட்டேன். அக்காவை நிற்க வைத்து, அவருடைய பெரிய கைகளுக்குள் அவளுடைய தலையை வைத்து, அசையாமல் பிடிக்கச் சொன்னேன். அக்கா கால்களை மெல்ல நகர்த்தி உடம்பை மட்டும் திருப்பினாள். "இறுக்கிப் பிடிக்காதேங்கோ அத்தான், நண்டில்லை" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

சில மாதம் கழித்து ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்க அக்காவின் போன் வந்தது. குரலில் ஒரு வெளிச்சம்.

"எடி, காலமை எழும்ப ஒரு சுத்து."

"தள்ளிப் போயிருக்கோ?"

"ஓம். கொஞ்சம் கூடவே போயிருக்கு."

"அத்தான் நிக்கிறாரோ?" என்று கேட்டேன்.

"இஞ்சதான் நிக்கிறார். நில், பார்த்துச் சொல்லுறன்."

போனை எங்கேயோ வைத்தாள். தூரத்தில் அலைச் சத்தம் கேட்டது. யாரோ வள்ளத்தை இழுக்கிற சத்தம். "பிடியுங்கோ" என்றாள். மணலில் கால் நகர்கிற சத்தம். முன்பெல்லாம் ஒரு சுற்று வந்தால் அவளுக்குச் சில நாள்களாவது கிடைக்கும். தூணைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், தனக்குள் வைத்துக்கொண்டு நடமாட. இப்போது ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் தெரிந்துவிடுகிறது. ஸ்ட்ரிப் ஒன்றிருக்கிறதே, அதுவல்லவா முடிவு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவள் ஸ்ட்ரிப்பை நம்பியவளில்லை. சுற்றைத்தான் நம்பினாள்.

"சுத்துதடி" என்றாள் போனுக்குக் கிட்ட வராமலே. "அதேதான்."

பின்னால் மாமியின் குரல், "என்னவாம்?"

"கழுத்தாம், மாமி."

வியாழக்கிழமை வரச் சொன்னேன். வாறன் என்றாள். போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அத்தான் இன்னும் அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்க வேண்டும். சற்றுப் பொறுத்து அவள் அவரிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"விடுங்கோ. போதும்."